திரை அறியாத இடைச்சொல்: திருவரங்க வரலாறும் தொலைக்காட்சி நூல்களும்

தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பெயரைத் தாங்கி, அதன் காட்சிப் படங்களை அட்டையில் ஏந்தி, தொடர் ஓடும் காலத்திலேயோ முடிந்த கையோடோ கடைக்கு வரும் வரலாற்று நூலை மதிப்பிடுவோர், நடை எளிதாக இருக்கிறதா, படங்கள் தெளிவாக இருக்கின்றனவா, பொதுவாசகர் சலிப்பின்றிப் படித்து முடிக்க இயலுமா என்பவற்றையே பெரும்பாலும் பார்க்கின்றனர். இவை கேட்க வேண்டிய கேள்விகளே. ஆயினும் அந்நூல் ஒரு சமயத்தின் கடந்தகாலத்தைச் சொல்லப் புகுமானால், இவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு கேள்வி எழுகிறது: தான் நேரில் காணாத ஒன்றை உண்மை என்று ஒருவர் ஏற்பதற்கு எது ஆதாரம், அந்த ஆதாரத்தின் வலிமை எவ்வளவு என்பதை வாசகருக்குச் சொல்லும் கடமை எழுதுபவருக்கு உண்டா? இந்திய மெய்யியல் இதனைப் பிரமாண விசாரம் என்று அழைக்கும். பிரமாணம் என்பது பிழையற்ற அறிவு வந்து சேரும் வாயில். இவ்விசாரத்தை நடத்தத் திருவரங்கத்தைக் காட்டிலும் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அரிது. ஒரே கோயிலுக்குள் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகளும், தலைமுறை தலைமுறையாக எழுதிச் சேர்க்கப்பட்ட கோயிலொழுகு என்னும் நிகழ்ச்சிக் குறிப்பும், ஆசாரியர்களின் வாழ்வைக் கூறும் குருபரம்பரை நூல்களும், இன்றும் நடைபெறும் சடங்குகளும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. இவை நான்கும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றி ஒரே குரலில் பேசும் இடங்கள் மிகக் குறைவு.

தொலைக்காட்சியை ஒட்டி நூல் எழுதும் வழக்கத்துக்கு உலக அளவில் பெயர் பெற்றுத் தந்தது, 1969-ல் பிபிசி ஒளிபரப்பிய கென்னத் கிளார்க்கின் 'சிவிலைசேஷன்' தொடர். மேற்கு ஐரோப்பியக் கலையைப் பதின்மூன்று பகுதிகளில் பேசிய அத்தொடரின் உரையே பெரும்பாலும் நூலாயிற்று. ஆனால் தலைப்பின் கீழேயே இது ஒருவரின் தனிப்பட்ட பார்வை என்று குறிக்கப்பட்டிருந்தது. அந்த ஒரு குறிப்பு, நூலின் குறைகள் பலவற்றைத் தாங்கும் வலிமை உடையது, ஏனெனில் சொல்பவர் யார் என்பதை அது மறைக்கவில்லை. இந்தியாவில் நீரோட்டம் எதிர்த்திசையில் சென்றது: ஜவஹர்லால் நேரு 1944-ல் அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் எழுதி 1946-ல் வெளியான 'டிஸ்கவரி ஆஃப் இந்தியா'வைக் கொண்டு ஷியாம் பெனகல் 1988-ல் 'பாரத் ஏக் கோஜ்' என்ற ஐம்பத்து மூன்று பகுதித் தொடரை உருவாக்கினார். நூலில் நேருவின் ஊகமாக இருந்தவை திரையில் நடிகர்களின் முகமும் உடையும் பெற்றபோது, ஊகம் என்ற நிறம் வெளுத்துப் போனதை இரண்டையும் அறிந்தவர்கள் உணரலாம். மைக்கேல் வுட் 2007-ல் பிபிசிக்காக இந்திய வரலாற்றை ஆறு பகுதிகளில் சொன்னார். அதே பெயரில் நூலும் அதே ஆண்டில் வந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், கேமராவின் அவசரம் இல்லாமல், சிதம்பரத்தையும் ஒரு யாத்திரைப் பேருந்துப் பயணத்தையும் வைத்து அவர் எழுதிய 'முருகனின் புன்னகை' என்ற சிறிய நூல், தமிழ்நாட்டைப் பற்றி அவர் எழுதியவற்றுள் ஆழமானது என்று துணிந்து சொல்லலாம். ஒருவர் தமக்கு யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பொறுமையாகப் பதிவு செய்யும்போது, கேட்டதும் கண்டதும் தனித்தனியே நிற்கின்றன. தேவ்தத் பட்நாயக்கின் 'தேவ்லோக்' நிகழ்ச்சி 2016-ல் நூலானபோது வினாவிடை வடிவத்திலேயே அச்சாயிற்று. அவ்வடிவம் சொல்பவரின் குரலைக் காப்பாற்றித் தருகிறது, ஆனால் ஒரு கதை எந்த நூலில், எந்த நூற்றாண்டில் முதன்முதலாகக் காணப்படுகிறது என்ற கேள்விக்கு அதில் இடம் குறுகிவிடுகிறது.

இத்தகைய நூல்களைத் தமிழ் இலக்கண மரபின் சொல்லால் சார்புநூல் எனலாம். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நூல்களை மூவகையாகப் பகுக்கும் நன்னூல் மரபில், முன்னோர் நூல்களோடு ஒரு பங்கு ஒத்தும் ஒரு பங்கு வேறுபட்டும் செல்வது சார்புநூல். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் காட்டுவதிலேதான் சார்புநூலின் தகுதி அடங்கியிருக்கிறது. தொடரில் சொன்னதையே திரும்பச் சொல்லும் நூலுக்கு இருப்பதற்கான நியாயமே இல்லை; தொடர் சொல்ல இயலாததைச் சொல்லும்போதுதான் அது நூலாகிறது.

தொடரால் சொல்ல இயலாதது எது என்பதைப் பிரமாண விசாரம் தெளிவாகக் காட்டுகிறது. விசிட்டாத்துவைத மரபு பிரமாணங்கள் மூன்று என ஏற்கும்: புலன்களால் நேரே அறியும் காட்சி, கண்டதிலிருந்து காணாததை உய்த்துணரும் அனுமானம், நம்பத்தக்க சொல்லாகிய சப்தம். வேறு சில மரபினர் ஐதிஹ்யம் என்ற ஒன்றையும் தனிப் பிரமாணமாகக் கூட்டினர். ஐதிஹ்யம் என்பது முதலில் சொன்னவர் யார் என்று தெரியாமல், முன்னோர் இப்படிச் சொன்னார்கள் என்று வழிவழியாக வந்த செய்தி. இதற்கு வாசஸ்பதி மிச்ரர் போன்ற உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, இந்த ஆலமரத்தில் யட்சன் ஒருவன் வசிக்கிறான் என்ற ஊர்ப்பேச்சு. நியாய நூலார் ஐதிஹ்யத்தைத் தனிப் பிரமாணமாக ஏற்காமல் சப்தத்துக்குள் அடக்கினர். வாசஸ்பதியோ இன்னும் நுட்பமாக, முதலில் சொன்னவர் யார் என்று தெரியாதவரை அச்செய்தி ஐயத்துக்கு உரியது, சொன்னவர் ஆப்தர் என்று தெரிந்துவிட்டால் அது நம்பத்தக்க சொல்லாகிய ஆகமமாகிவிடும் என்றார். ஆப்தர் என்பவர் உள்ளதை உள்ளவாறு அறிந்தவரும் அறிந்தவாறே சொல்பவருமாவார். ஆக, கேள்வி கதை நடந்ததா இல்லையா என்பதில் தொடங்குவதில்லை. கதையைச் சொன்னவர் யார், அவர் அதை எப்படி அறிந்தார் என்பதில் தொடங்குகிறது.

தமிழ் மொழி இந்த விசாரத்தைத் தன் இடைச்சொற்களிலேயே வைத்திருக்கிறது. 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் இடையே உள்ள தூரம், காட்சிக்கும் கேள்விக்கும் இடையே உள்ள தூரம். பாட்டி சொல்லும் கதையில்கூட இவ்வேறுபாடு தவறுவதில்லை. தொல்காப்பியம் தனக்கு முந்திய அறிஞர் கருத்தைக் கூறும் இடங்களில் 'என்ப', 'என்மனார்' என்று சொல்லித் தன் கூற்றிலிருந்து அதைப் பிரித்து வைக்கிறது. திரைக்கு இந்த 'ஆம்' கிடையாது. நடிகர் ஒருவர் கோபுரத்தின் மேல் நிற்கும் காட்சியில், நின்றார் என்ற செய்தி மட்டுமே இருக்க முடியும். நின்றாராம் என்பதைப் படம் பிடிக்க எந்தக் கேமராவாலும் இயலாது. பின்னணிக் குரல் 'என்று கூறப்படுகிறது' என்று எத்தனை முறை சொன்னாலும், கண் கண்டது கண்டதுதான். ஐதிஹ்யமாக இருந்ததைக் காட்சியாக மாற்றிக் கொடுப்பதே தொலைக்காட்சியின் இயல்பு. அது ஒருவரின் குற்றம் என்று சொல்வதற்கில்லை. அந்த மாற்றத்தை நூல் திருத்தாமல், அதன் மீதே தன் வாக்கியங்களைக் கட்டும்போதுதான் குற்றம் தொடங்குகிறது.

திருவரங்கத்தில் இதற்கு முதல் எடுத்துக்காட்டு விசிட்டாத்துவைத ஆசாரியரான இராமாநுஜரே. மரபு அவருக்கு 1017 முதல் 1137 வரை நூற்றிருபது ஆண்டு வாழ்வைத் தருகிறது. 1938-ல் வ.ரா.வின் எழுத்தில் திரைப்படமாகவும், 1989-ல் ஜி.வி. ஐயரின் இயக்கத்தில் மற்றொரு திரைப்படமாகவும், 1999-ஆம் ஆண்டுக்கான சரஸ்வதி சம்மானைப் பெற்ற இந்திரா பார்த்தசாரதியின் நாடகமாகவும், 2015-ல் மு. கருணாநிதியின் எழுத்தில் கலைஞர் தொலைக்காட்சியின் தொடராகவும் அவர் வாழ்வு தமிழில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது. தொண்ணூறு வயதைக் கடந்த ஒரு பகுத்தறிவாளர் ஒரு வைணவ ஆசாரியரின் வரலாற்றை எழுத முன்வந்தது, இராமாநுஜர் என்ற பெயர் சமய எல்லைக்கு வெளியேயும் எவ்வளவு பொருள் உடையது என்பதற்குச் சான்று. ஆயிரமாவது ஆண்டாகிய 2017-ஐ ஒட்டிப் பல நூல்கள் வந்தபோது, சாதி வேற்றுமையைத் தகர்த்த புரட்சியாளர் என்ற உருவமே பொதுமக்கள் மனத்தில் முதன்மை பெற்றிருந்தது.

ஆனால் இராமாநுஜர் இயற்றியவையாக மரபு கொண்டாடும் ஒன்பது நூல்களும் வடமொழியில் உள்ளவை. அவற்றில் தம் வாழ்க்கையைப் பற்றி அவர் எதையும் கதையாகச் சொல்லவில்லை. அவர் காலத்தவரான திருவரங்கத்தமுதனாரின் நூற்றந்தாதி துதிநூலே தவிர வரலாற்று நூல் அன்று. வாழ்க்கை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் குருபரம்பரை நூல்களிலிருந்தே கிடைக்கின்றன. அவற்றுள் பின்பழகிய பெருமாள் ஜீயரின் ஆறாயிரப்படி தலையாயது. அதைப் பாடம் பார்த்துப் பதிப்பித்துத் திருச்சிராப்பள்ளியிலிருந்து வெளியிட்டவர் புத்தூர் எஸ். கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார். திருக்கோட்டியூர் நிகழ்ச்சியை இங்கே எடுத்துக்கொள்ளலாம். மந்திரப் பொருளை இராமாநுஜர் வெளிப்படுத்தியது கோபுர உச்சியிலிருந்தா, கோயிலுக்குள் கூடியிருந்தோரிடமா, கேட்டவர்கள் வைணவ அடியார்களா, ஊரார் அனைவருமா என்பதில் மரபு நூல்களை வரிக்கு வரி கற்றவர்களிடையே இன்றும் வாதம் உண்டு. இது அற்பமான வாதம் அன்று. கேட்டவர் அடியார்கள் என்றால், ஒருவருக்கொருவர் எனக் காக்கப்பட்ட உபதேச முறையை அவர் அடியார் கூட்டத்துக்குத் திறந்துவிட்டார் என்று பொருள். ஊரார் அனைவரும் என்றால், சமூகத்தின் எல்லா வாயில்களையுமே திறந்தார் என்று பொருள். இரண்டு இராமாநுஜர்கள் இங்கே பிரிகின்றனர். திரை ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நூலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

சோழன் கதையிலும் இதே நிலை. வைணவர்களைத் துன்புறுத்தி, இராமாநுஜரின் சீடர் கூரத்தாழ்வானும் ஆசாரியர் பெரிய நம்பியும் கண்ணிழக்கக் காரணமானவன் எனக் குருபரம்பரை சொல்லும் மன்னனுக்கு அது தரும் பெயர் கிருமிகண்ட சோழன். இது பழிப்பெயரேயன்றி அரசப் பெயர் அன்று. அதிராஜேந்திரன், முதலாம் குலோத்துங்கன், இரண்டாம் குலோத்துங்கன் என வரலாற்றாசிரியர்கள் வெவ்வேறு மன்னர்களைச் சுட்டியிருக்கின்றனர். முதலாம் குலோத்துங்கன் ஆட்சியாண்டுகளைக் குறிக்கும் கொடைக் கல்வெட்டுகள் திருவரங்கக் கோயிலிலேயே பல உள்ளன என்பது இதைச் சிக்கலாக்குகிறது. அக்கல்வெட்டுகள் துன்புறுத்தல் நடக்கவில்லை என்று மெய்ப்பிப்பதில்லை. ஓர் ஆட்சியில் கொடையும் கொடுமையும் ஒருங்கே இருந்திருக்கலாம். எனினும் திரையில் மன்னனுக்கு முடி சூட்டி, ஒரு பெயரையும் சூட்டியாக வேண்டியிருக்கிறது; அந்தப் பெயர் நூலின் பக்கத்துக்கு அப்படியே வந்துவிட்டால், ஒரு மனிதர் மீது எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து விசாரணையின்றித் தீர்ப்பு எழுதப்படுகிறது. இராமாநுஜரால் சமணத்திலிருந்து வைணவத்துக்கு மாறியதாகச் சொல்லப்படும் போசள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் செய்தியும் இத்தகையதே: 1133-ஐச் சேர்ந்த ஹளேபீடு பார்சுவநாதர் பசதியின் கல்வெட்டு, அவன் சமணக் கோயிலைப் போற்றிக் கொடையளித்ததைச் சொல்கிறது.

இவற்றைவிடக் கடினமான செய்தி ஒன்று இருக்கிறது. நல்ல நூலை அடையாளம் காட்டும் உரைகல்லாக அதனைக் கொள்ளலாம். பிரம்ம சூத்திரத்தின் அபசூத்திராதிகரணம் என்னும் பகுதி, நான்காம் வருணத்தாருக்கு வேத வழியிலான பிரம்ம வித்தையில் அதிகாரம் உண்டா என்று ஆராய்ந்து இல்லை என்று முடிப்பது. அந்நூலுக்குத் தாம் இயற்றிய உரையாகிய ஸ்ரீபாஷ்யத்தில் இராமாநுஜர் அம்முடிவை ஏற்றே எழுதுகிறார். இதே ஆசாரியரைப் பற்றித்தான், தம்மினும் தாழ்ந்தவராக உலகம் கருதிய திருக்கச்சி நம்பியைக் குருவாகப் போற்றினார் என்றும், மேல்கோட்டையில் ஒடுக்கப்பட்டோரைத் திருக்குலத்தார் என்று பெயரிட்டுக் கோயிலுக்குள் அழைத்தார் என்றும் மரபு சொல்கிறது. பாஷ்யத்தின் இராமாநுஜரும் மேல்கோட்டை இராமாநுஜரும் எப்படி ஒருவராக முடியும்? வேதத்தின் வாயில் ஒன்று, சரணாகதியின் வாயில் வேறொன்று, பின்னது எல்லோருக்கும் திறந்தது என்பது வைணவ மரபு தரும் விடை. அந்த விடையை ஏற்கலாம், மறுக்கலாம். கேள்வியையே எழுப்பாமல் புரட்சியாளரை மட்டும் காட்டும் நூல், நன்னூல் சொல்லும் குற்றங்களுள் முதலாவதான குன்றக் கூறலைச் செய்கிறது. பாஷ்யத்தின் அப்பகுதியை மட்டும் எடுத்துக்காட்டி மற்றவற்றை வெறும் கதை என ஒதுக்கும் நூலும் அதே குற்றத்தையே செய்கிறது.

இந்தக் குற்றத்தின் தன்மையை இராமாநுஜரின் அறிவுக் கொள்கையே விளக்குகிறது. எல்லா அறிவும் உள்ள பொருளையே பற்றுகிறது என்பது ஸ்ரீபாஷ்யத்தின் நிலைப்பாடு. இதனை யதார்த்தக்கியாதி என்பர். கிளிஞ்சலைப் பார்த்து வெள்ளி என்று மயங்குபவன் இல்லாத ஒன்றைக் கண்டுவிடவில்லை. கிளிஞ்சலில் வெள்ளியோடு ஒத்த கூறு சிறிதளவு உண்மையாகவே இருக்கிறது. கண்ணின் குறையால் மிகுதியான கிளிஞ்சல் கூறு மறைந்து, சிறிதான வெள்ளிக் கூறு மட்டும் தோன்றுகிறது. ஆகவே மயக்கம் என்பது முழுமையைத் தவறவிட்ட அறிவு. இதைவிடப் பொருத்தமான திறனாய்வு அளவுகோலை மேலைநாட்டு வரலாற்றியலிலிருந்து கடன் வாங்க வேண்டிய தேவை இல்லை. புரட்சியாளர் இராமாநுஜர் பொய்யான உருவம் அல்லர். கிளிஞ்சலில் உள்ள வெள்ளிக் கூறு அவர். தொலைக்காட்சி அந்தக் கூறு மட்டும் பளபளக்கும்படி ஒளியைப் பாய்ச்சுகிறது. நூலாசிரியரின் வேலை, விளக்கை அணைப்பதும் அன்று, வெள்ளியே இல்லை என்று மறுப்பதும் அன்று. கிளிஞ்சல் முழுவதும் தெரியும் இடத்துக்கு வாசகரை நகர்த்தி நிறுத்துவது.

பேச்சைக் கேட்டு நூலாக்கும் கலை திருவரங்கத்துக்குப் புதியதன்று என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. 13-ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை திருவாய்மொழிக்குப் பகலில் சொன்ன விளக்கங்களை, அவர் மாணவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் ஓலையில் எழுதி வைத்தார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி என்ற பேருரை. படி என்பது முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட ஓர் அளவு. அனுமதியின்றி எழுதப்பட்டதால் நம்பிள்ளை அதன் செறிவைப் பாராட்டியும் ஓலைகளை வாங்கி வைத்துக்கொண்டார் என்றும், பின்னர் அது ஒருவர் வழி ஒருவராகக் கைமாறி மணவாள மாமுனிகளிடம் வந்து, அவர் திருவரங்கத்து உற்சவ மூர்த்தியாகிய நம்பெருமாள் திருமுன்னே ஓராண்டு அதை விரித்துரைத்தார் என்றும் மரபு கூறும். பெருங்கூட்டம் கேட்ட பேச்சு, பின்தொடர்ந்து வந்த நூல் என்ற அமைப்பு இன்றைய தொலைக்காட்சி நூலின் அமைப்பே. வேறுபாடு ஒன்றுதான். ஈட்டைப் புரட்டும் எவரும் பார்ப்பது, ஒவ்வொரு கருத்தும் பட்டர் சொன்னது, நஞ்சீயர் கேட்டது, எம்பார் விடையளித்தது என்று பெயரோடு வருவதை. ஒரே அடிக்கு இரண்டு ஆசாரியர்கள் இரண்டு பொருள் சொல்லியிருந்தால் இரண்டும் பெயர்களோடு நிற்கின்றன. வைணவர்கள் இக்குறிப்புகளை ஐதிஹ்யம் என்றே அழைக்கின்றனர். ஆனால் சொன்னவர் பெயரோடு வரும் இந்த ஐதிஹ்யம், ஆலமரத்து யட்சனைப் பற்றிய பெயரற்ற பேச்சிலிருந்து வெகுதூரம் விலகி, ஆப்தர் சொல்லின் அருகில் வந்துவிடுகிறது. பக்தி நூல் ஒன்று ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் கடைப்பிடித்த இந்த நேர்மையை, ஆராய்ச்சிக் குழுவும் ஆலோசகர்களும் கொண்ட இன்றைய பதிப்பகம் கடைப்பிடிக்க இயலாது என்று சொல்வதற்கு நியாயமே கிடையாது.

இன்னொரு செய்தி இதைவிடப் பொருள் செறிந்தது. ஸ்ரீபாஷ்யத்தை இராமாநுஜர் சொல்லச் சொல்லக் கூரத்தாழ்வான் எழுதினார் என்றும், தமக்கு உடன்பாடில்லாத இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது இருவருக்கும் இடையே இருந்த ஏற்பாடு என்றும் குருபரம்பரை கூறும். ஆன்மாவின் இயல்பு அறிவுடைமை என்று மட்டும் சொல்லி, இறைவனுக்கு உரியதாயிருத்தலாகிய சேஷத்துவத்தைச் சொல்லாமல் விட்ட இடத்தில் ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. ஆசாரியர் முதலில் சினந்து, பிறகு ஆராய்ந்து, மாணவரே சரி என்று கண்டு திருத்திச் சொன்னாராம். இச்செய்தி கல்வெட்டில் இல்லை. ஆகவே இங்கும் 'ஆம்' சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு சமூகம் இப்படியொரு கதையைத் தலைமுறைகளாகக் காத்து வந்திருப்பது ஐயத்துக்கு இடமற்ற உண்மை. எழுதுபவருக்கு அது வகுத்த கடமையும் அந்தக் கதையில் தெளிவாக இருக்கிறது. தொடரின் வசனத்தை நூலாக்கும் பணியை ஏற்பவர், வசனம் ஆதாரத்தைத் தாண்டும் இடத்தில் எழுத்தாணியை நிறுத்தியாக வேண்டும்.

ஆதாரத்தின் வேறுபாடு உயிர்ப்பிரச்சினையாகும் இடம் 14-ஆம் நூற்றாண்டு. 1311-ல் மாலிக் காபூரின் படையும் 1323-ல் உலூக் கானின் படையும் தெற்கே வந்ததும், திருவரங்கம் பாழ்பட்டதும், பிள்ளை லோகாசாரியர் உற்சவ மூர்த்தியோடு வெளியேறி வழியில் சோதிஷ்குடியில் மறைந்ததும், வேதாந்த தேசிகர் சுருதப்பிரகாசிகை என்ற பாஷ்ய உரையின் சுவடியைக் காத்ததும் தொலைக்காட்சிக்கு ஏற்ற நிகழ்ச்சிகள். இவற்றின் தொடர்ச்சியாக மூர்த்தி மீண்டு வந்ததற்குச் சமகாலக் கல்வெட்டு உண்டு: விசயநகரத் தளபதி கோபண்ணன் திருமலையிலிருந்து செஞ்சி வழியாக அரங்கனைக் கொணர்ந்து மீண்டும் எழுந்தருளச் செய்ததைச் சகம் 1293, அதாவது 1371 என்ற ஆண்டோடு வடமொழிச் சுலோகங்கள் கோயிலிலேயே பதிவு செய்கின்றன. கோயிலொழுகு கூறும் பன்னீராயிரவர் தலை வீழ்ந்த பன்றியாழ்வான் மேட்டுக் கலகத்துக்கு அத்தகைய சான்று இல்லை. பன்னீராயிரம் என்பது இராமாநுஜரின் சீடர் குழாத்தைச் சொல்லும் இடத்திலும் வரும் மரபு எண். இதைச் சொல்வது கொலை நடக்கவில்லை என்று சொல்வதாகாது. அடியார் பலர் மாண்டனர் என்ற ஆழ்ந்த நினைவை அந்த எண் தாங்கி நிற்கிறது. எண்ணை எண்ணிக்கையாகவே அச்சிடும் நூல், நினைவையும் மதிக்கவில்லை, கணக்கையும் மதிக்கவில்லை. படையெடுப்புக் காட்சிகள் இன்றைய அண்டை வீட்டாரைப் பற்றிய உணர்வாக உடனே மாறக்கூடிய காலத்தில், இந்தத் தவற்றின் விலையை எழுதியவர் கொடுப்பதில்லை, ஊர் கொடுக்கிறது.

அதே கோயிலொழுகு, மூர்த்தியைத் தேடிப் பின்சென்றவல்லி என்ற பெண் தில்லிவரை சென்றதையும், சுல்தானின் மகள் அரங்கன் மீது காதல் கொண்டதையும் சொல்கிறது. அவளே துலுக்க நாச்சியார். கோயிலில் அவளுக்குச் சந்நிதி உண்டு, ரொட்டி நிவேதனம் உண்டு, பெருமாள் கைலி உடுத்தும் வழக்கமும் உண்டு. இதே போன்ற கதை மேல்கோட்டையில் இராமாநுஜர் காலத்து நிகழ்ச்சியாகச் சொல்லப்படுகிறது. அவர் மறைந்ததாகக் கொள்ளும் 1137-ல் தில்லியில் சுல்தான் ஆட்சியே தோன்றவில்லை, அது 1206-ல்தான் தொடங்கியது. அனுமானம் என்ற பிரமாணம் இங்கே மேல்கோட்டைக் கதையின் காலத்தை மறுக்கிறது. ஆனால் ரொட்டி நிவேதனம் காட்சிப் பிரமாணம். திருவரங்கத்துக்குச் செல்லும் எவரும் கண்டறியலாம். படையெடுப்பின் காயத்தைச் சுமந்த ஒரு சமூகம், படையெடுத்தவன் வீட்டுப் பெண்ணைத் தன் இறைவனின் நாச்சியாராக்கி வழிபட முடிவு செய்தது என்ற செய்தி, சுல்தானுக்கு அப்படி ஒரு மகள் இருந்தாளா என்ற கேள்வியைவிடப் பெரியது. வரலாற்று நூல் இவ்விரண்டையும் தனித்தனியே நிறுத்தினால், நம்பிக்கை சிறுமைப்படுவதில்லை, ஆராய்ச்சியும் வளைவதில்லை.

காவிரியைக் கடந்து திருச்சி மலைக்கோட்டைக்கு வந்தாலும் பாடம் இதுவே. பெரியபுராணம், திருநாவுக்கரசரைத் துன்புறுத்திய பல்லவ மன்னன் பின்னர்ச் சைவனானான் என்று பாடுகிறது. மன்னன் மகேந்திரவர்மன் என்ற பெயரை அது சொல்லவில்லை. மலைக்கோட்டை மேல்குடைவரையில் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரன் பொறித்த வடமொழிக் கல்வெட்டில் சமயம் மாறிய குறிப்பு இருப்பதாகக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஸ் வாசித்தார். அச்சொற்கள் சிலேடையானவை, அவற்றுக்கு வேறு பொருளும் கொள்ளலாம் என்று மைக்கேல் லாக்வுட்டும் விஷ்ணு பட்டும் வாதிட்டனர். நாவுக்கரசரைச் சுமந்து கடலில் மிதக்கும் கல்லைத் திரையில் காட்டுவது எளிது. சிலேடையைக் காட்ட முடியாது. அதைக் காட்டக்கூடிய ஒரே இடம் அச்சுப் பக்கம்.

ஆகவே தொலைக்காட்சியை ஒட்டி வரும் சமய வரலாற்று நூலைக் கையில் எடுப்பவர், அது எந்தக் கட்சியைச் சேர்ந்தவர் எழுதியது, பக்தர் எழுதியதா பகுத்தறிவாளர் எழுதியதா என்று பார்ப்பதற்கு முன், ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, அங்குள்ள ஒவ்வொரு செய்தியும் கல்வெட்டிலிருந்து வந்ததா, குருபரம்பரையிலிருந்தா, கோயிலொழுகிலிருந்தா, வசனகர்த்தாவின் கற்பனையிலிருந்தா என்பது தெரிகிறதா என்று பார்ப்பது நலம். திருவரங்கக் கல்வெட்டுகள் 1982-ல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24-ஆம் தொகுதியாக அச்சாகிவிட்டன, கோயிலொழுகை வி.என். ஹரிராவ் 1961-லேயே ஆங்கிலத்தில் தந்துவிட்டார். ஆறாயிரப்படி திருச்சியிலேயே பதிப்பு கண்டது. ஆதாரம் கிடைக்கவில்லை என்று சொல்ல எந்த நூலாசிரியருக்கும் இனி இடமில்லை. பதிப்பாளர்கள் காட்சிப் படங்களுக்கு ஒதுக்கும் பளபளப்புத் தாள்களில் இரண்டை மட்டும் குறைத்து, எந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்ற குறிப்புக்கு அந்த இடத்தைத் தர வேண்டும். தராத நூலை, தொடர் எவ்வளவு பிடித்திருந்தாலும், வாசகர் கடையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.